அளவும் சத்தும்: சோற்றுப் பானையைச் சுற்றிய ஒரு வரலாறு



தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலத்திற்குக் குடிபெயரும் ஒரு குடும்பம், புதிய ஊரில் முதன்முதலாக விசாரிப்பது எதைப் பற்றி? பெரும்பாலும் அரிசியைப் பற்றித்தான். தில்லியில் கரோல் பாக், மும்பையில் மாதுங்கா, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் என்று நம்மவர் கூடி வாழ்ந்த இடங்களிலெல்லாம், புழுங்கல் அரிசியும் புளியும் காப்பிக்கொட்டையும் கிடைக்கும் கடைகள் தோன்றியதன் காரணம் இதுவே. ஊர் மாறலாம், பேச்சு மொழியும் சற்று மாறலாம், அடுப்பில் ஏறும் பானை மட்டும் எளிதில் மாறுவதில்லை.

சில ஆண்டுகள் செல்கின்றன. குடும்பத் தலைவருக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாக மருத்துவர் சொல்கிறார். நாளொன்றுக்கு இத்தனை கலோரிக்கு மேல் உண்ணலாகாது என்று தாளில் எழுதியும் தருகிறார். வீட்டுப் பிள்ளைகளோ, பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தே வாயில் போடுகின்றனர். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டி, "எண்ணி எண்ணிச் சாப்பிட்டால் உடம்பில் ஒட்டுமா? நல்லதாகப் பார்த்துச் சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்கிறார். எண்ணுவோர் கட்சி ஒன்று. நல்லது கெட்டது பார்ப்போர் கட்சி மற்றொன்று. எது சரி?

இந்த வழக்கு நம் வீடுகளில் நேற்று முளைத்ததன்று. உணவு விஞ்ஞானம் பிறந்த நாள்முதல் நடந்துவரும் வழக்கு. "எவ்வளவு உண்கிறோம்?" என்பது ஒரு கேள்வி, "எதை உண்கிறோம்?" என்பது மற்றொரு கேள்வி. இவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்ட போதெல்லாம் மக்கள் அதற்குரிய விலையைக் கொடுத்திருக்கின்றனர். அந்த வரலாற்றில் தமிழரின் சோற்றுப் பானைக்கு முக்கியமான ஓர் இடம் உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், கலோரி என்பது யாது? அது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பத்தையே உணவு நூல்கள் ஒரு கலோரி என்கின்றன. உணவுக்கும் வெப்பத்திற்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சோதனையால் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் லவாய்சியர். 1780-களில் அவரும் கணித அறிஞர் லாப்லாஸும், பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தினுள் ஒரு கினிப்பன்றியை வைத்தனர். அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என்றும், அது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிட்டது என்றும் அளந்தனர். பிறகு கரி எரியும்போது உண்டாகும் அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டனர். சுவாசம் என்பதும் ஒருவகை எரிதலே என்ற உண்மை அவர்களுக்குப் புலனாயிற்று. அடுப்பில் விறகு எரிவதுபோல் உடலில் உணவு மெல்ல எரிகிறது. அந்தச் சூட்டிலும் சக்தியிலும் உயிர் இயங்குகிறது.

இந்த அறிவு எண்களாக உருப்பெறுவதற்கு இன்னும் நூறாண்டு ஆயிற்று. அதற்குள் நம் நாட்டில், மனிதன் உயிர்வாழ எவ்வளவு உணவு போதும் என்ற கேள்வி கொடிய முறையில் எழுந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் குறிப்பிட்டனர். சென்னை இராஜதானியில் லட்சக்கணக்கான மக்கள் நிவாரண வேலைகளுக்குத் திரண்டனர். செலவு ஏறுவதைக் கண்ட இந்திய சர்க்கார், சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை மேற்பார்வைக்கு அனுப்பியது. 1877 ஜனவரியில் அவர் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் மண் வெட்டிக் கல் உடைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்றார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதனினும் குறைவு.

ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். இன்றைய கணக்கில் அதில் 1,600 கலோரி அளவே கிடைக்கும். கடும் உழைப்பில் ஈடுபடும் ஆணுக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். சென்னை இராஜதானியின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும் என்றார் அவர். அதோடு அவர் நிற்கவில்லை. தானியம் மட்டும் போதாது, பருப்பும் காய்கறியும் சேரவேண்டும் என்றும் வாதிட்டார். கலோரி என்ற சொல்லும் வைட்டமின் என்ற சொல்லும் வழக்கிற்கு வராத காலத்திலேயே, அளவு, தரம் ஆகிய இரண்டையும் ஒருங்கே கேட்ட குரல் அது. அந்த ஆண்டிலேயே சென்னை அரசாங்கம் ஒன்றேகால் ராத்தல் தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் கொடுக்க இசைந்தது. கார்னிஷ் கேட்டதில் பாதி வழிதான் வந்தது. அந்தப் பஞ்சத்தில் மாண்டோர் தொகை ஐம்பது லட்சத்திற்கும் மேல் என்று கணக்கிடுவர். உயிர் பிழைத்தவருள் பலர் இலங்கைக்கும் மலேயாவிற்கும் பிற நாடுகளுக்கும் கப்பல் ஏறினர். அவர்களை நாம் மலேயாவில் மீண்டும் சந்திப்போம்.

உணவின் வெப்பத்தை ஒழுங்காக எண்ணிக் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி அட்வாட்டர். 1890-களில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், பௌதிக அறிஞர் ரோசாவின் துணையோடு, ஒரு மனிதன் உள்ளே இருந்து உண்டு உறங்கி வேலை செய்யக்கூடிய சிறு அறை ஒன்றை அவர் அமைத்தார. உள்ளே செல்லும் உணவு, வெளிவரும் கழிவு, சுவாசம், வெப்பம் யாவும் அளக்கப்பட்டன. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் நந்நான்கு கலோரி, ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரி என்று நாம் இன்றும் சொல்லும் கணக்கு அவர் உழைப்பின் பயன். 1918-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லூலு ஹண்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் எழுதிய நூலின் வாயிலாக, இந்தக் கணக்கு ஆராய்ச்சிசாலையிலிருந்து வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

அட்வாட்டரின் கணக்கு பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வழியே ஒரு மயக்கமும் புகுந்தது. குறைந்த காசுக்கு அதிகச் சக்தி தருவதே சிறந்த உணவு என்றால், மாவும் கொழுப்பும் சர்க்கரையும் முன்னே வரும். கீரையும் பழமும் வீண்செலவாகத் தோன்றும். ஏழைத் தொழிலாளருக்கு அட்வாட்டர் சொன்ன யோசனையும் ஏறக்குறைய இதுவே. அடுப்புக்கு விறகு வேண்டும் என்பதை அவர் கண்டார். அடுப்பே தேய்ந்து போகாமல் காக்கும் பொருளும் உணவில் உண்டு என்பது அன்று எவருக்கும் தெரியாது. அதைக் காட்டிக் கொடுத்தது அரிசிதான்.

அக்காலத்தில் கிழக்கு நாடுகளில் பெரிபெரி என்றொரு நோய் பரவியிருந்தது. கால்கள் மரத்துப்போகும், வீங்கும், முடிவில் இதயம் நின்றுவிடும். நீராவி ஆலைகள் பெருகி, அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டத் தொடங்கிய பின் இந்நோயும் பெருகிற்று. இதனை ஆராய ஜாவாத் தீவிலுள்ள பட்டேவியா நகரில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் அமர்த்தப்பட்டார். 1889-இல் அவருடைய ஆராய்ச்சிக் கோழிகளுக்குக் கால்கள் தளர்ந்தன. சில மாதங்களில் நோய் தானாகவே மறைந்தது. காரணத்தைத் தேடியபோது ஒரு வேடிக்கையான செய்தி வெளிப்பட்டது. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் பணியாள் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறான். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுப்பதாவது என்று மறுத்துவிட்டார். அன்றுமுதல் தவிடு நீக்காத மலிவு அரிசி கிடைத்தது; கோழிகள் பிழைத்தன.

பின்னர் ஜாவாவில் சுமார் நூறு சிறைச்சாலைகளில் கணக்கெடுத்தனர். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் பெரிபெரி இருந்தது; தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளிலோ பத்தாயிரம் பேருக்கு ஒருவர்தான். இரண்டு அரிசிக்கும் கலோரிக் கணக்கில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்பதை இங்கே கவனிக்கவேண்டும். வயிறு நிறைந்தது, எண் நிறைந்தது, உயிர் போயிற்று. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றே ஐக்மன் முதலில் கருதினார். நஞ்சு இருப்பதால் வந்த நோய் அன்று, ஒரு சத்து இல்லாததால் வந்த நோய் என்று 1901-இல் திருத்திக் காட்டியவர் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ். 1912-இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய சத்துகளுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மலேயாவிற்கு வருவோம். அங்கே ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக மாண்டனர். தோட்டங்களிலும் சாலைகளிலும் உழைத்த தமிழருக்கு அந்நோய் மிக அரிதாகவே வந்தது. தமிழர் செல்வரா? அல்லர். வேறு சிறந்த உணவு உண்டனரா? அதுவும் இல்லை. சீனர் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். தமிழர் தம் வழக்கப்படி இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியை உண்டனர். இந்த வேறுபாட்டைச் சுட்டிக் காட்டி 1907-இல் நூல் எழுதினார் பிராடன் என்ற ஆங்கில மருத்துவர். அதே காலத்தில் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவிற்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதற் பிரிவில் நோய் பரவிப் பலர் இறந்தனர்; இரண்டாம் பிரிவில் புதிதாக எவருக்கும் நோய் தோன்றவில்லை என்னலாம்.

புழுங்கல் அரிசியில் என்ன மாயம்? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள 'பி-1' வைட்டமின் நீரில் கரைந்து அரிசியின் உட்புறத்திற்கு நகர்ந்துவிடுகிறது. அதன்பின் ஆலையில் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கியிருக்கும். நெல் அவித்த நம் பாட்டிமார்க்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது, பசி தாங்கும் என்பவையே அவர்கள் கண்ட பயன்கள். எனினும் அவர்களுடைய கைப்பழக்கம், கடல் கடந்த ஊரிலும் தம் மக்களின் உயிரைக் காத்து நின்றது. அந்தச் சத்தின் அமைப்பைக் கண்டறிந்து 1936-இல் செயற்கையாகச் செய்தளித்த அமெரிக்க இரசாயன அறிஞர் ராபர்ட் வில்லியம்ஸ், அந்நாளைய சென்னை இராஜதானியைச் சேர்ந்த நெல்லூரில் 1886-இல் பிறந்தவர் என்பது ஒரு சுவையான செய்தி.

இந்தியாவில் இத்துறையின் தாயகம் நீலகிரி மலையிலுள்ள குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில், 1918-இல், ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1923-இல் சிக்கனத்தின் பெயரால் நிறுத்தப்பட்ட அந்த ஆராய்ச்சி, 1925-இல் மீண்டும் உயிர்பெற்றது. பெரிபெரி இந்தியாவில் எங்கே மிகுதி என்று தேடியபோது, பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களே முன்னின்றன. புழுங்கல் உண்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன.

ஆனால் மக்கரிசனின் இன்னொரு சோதனை நமக்கு அவ்வளவு இனிப்பானதன்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் எல்லாவற்றிலும் கொழுகொழுவென்று வளர்ந்தன. பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் என்று வரிசை இறங்கியது. கடைசியில் நின்றது சென்னை உணவு. 'மதராஸி சோறு தின்றால் வலுவேது?' என்று வடக்கே சிலர் கேலி பேசுவதற்கு, விஞ்ஞானமே சான்று தந்ததுபோல் ஆயிற்று.

மனம் வருந்துமுன் அந்த உணவில் என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும். சீக்கியர் உணவு என்பது தவிட்டோடு அரைத்த கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, பழம், எப்போதாவது இறைச்சி. சென்னை உணவு என்பது தீட்டிய அரிசி, புளி, மிளகாய், சிறிது தேங்காய், சிறிது பருப்பு, சிறிது காய். பால் என்பது பேருக்குத்தான். அது நம் ஏழைகள் உண்ட உணவேயன்றி, நம் முன்னோர் வகுத்த முழு உணவன்று. தோற்றது அரிசி என்று சொல்வதைவிட, துணையின்றித் தனித்து நின்ற அரிசி தோற்றது என்பதே பொருந்தும். வெள்ளை ரொட்டியும் ஜாமும் சர்க்கரை கலந்த தேநீருமாக ஆங்கிலேய ஏழைகள் உண்ட உணவைக் கொடுத்தபோதும் மக்கரிசனின் எலிகள் நலிந்தே போயின.

1935-இல் மக்கரிசனுக்குப் பின் குன்னூருக்கு வந்தவர் ஐக்ராய்டு. 1937-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஒன்று, இந்திய உணவுப் பொருள்களின் சத்தளவை அட்டவணையாகத் தந்தது. கேழ்வரகு, கம்பு, துவரை, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் என நாம் அன்றாடம் காணும் பொருள்கள் அதில் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பொருளின் எதிரிலும் கலோரிக்கு ஒரு கட்டம். புரதத்திற்கு ஒரு கட்டம். சுண்ணாம்பு, இரும்பு, வைட்டமின் ஆகியவற்றிற்குத் தனித்தனிக் கட்டம். நெடுநாள் பிரிந்து நின்ற இரு கேள்விகளும் ஒரே வரியில் அடுத்தடுத்து அமர்ந்தன. 1940-இல் ஐக்ராய்டும் அவருடைய இந்தியத் துணைவர்களும் அரிசியைப் பற்றித் தனியாக ஆராய்ந்து வெளியிட்டனர். ஆலை எவ்வளவு எடுக்கிறது என்பதோடு, அரிசியைப் பலமுறை களைந்து, மிகுந்த நீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டும் நாம் எவ்வளவு இழக்கிறோம் என்பதையும் அது காட்டிற்று. கழுநீர் குடித்த வீட்டுப் பசு, வீட்டாரைவிட ஒருவகையில் நன்றாகவே உண்டது! குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்திற்கு இடம் மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. ஐக்ராய்டு தொடங்கிய அட்டவணை 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் 528 உணவுப் பொருள்களைக் கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, தரமே பெரிது, அளவு சிறிது என்று முடிவு கட்டிவிடலாகாது. அந்தப் பக்கமும் உலகம் ஒருமுறை சாய்ந்து பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஏழை நாடுகளின் குழந்தைகள் மெலிவதற்குப் புரதக் குறையே காரணம் என்ற எண்ணம் ஓங்கியது. 1968-இல் ஐக்கிய நாடுகள் சபையே புரத நெருக்கடியைத் தவிர்க்க வேண்டுமென்று அறிக்கை விடுத்தது. விலையுயர்ந்த புரத மாவுகளைச் செய்யும் முயற்சிகள் பெருகின. புள்ளியியல் அறிஞர் சுகாத்மே இதை மறுத்தார். உணவே போதாதபோது, கொடுக்கும் புரதத்தையும் உடல் விறகாக எரித்துவிடும் என்றார். சேலத்தில் பிறந்தவரும் ஹைதராபாத் நிறுவனத்தின் தலைவராக விளங்கியவருமான டாக்டர் சி. கோபாலன் சோதனையால் இதை விளக்கினார். சரியான வளர்ச்சியில்லாத சிறு குழந்தைகளுக்கு, வீட்டுணவோடு நாள்தோறும் 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் உள்ள எளிய சிற்றுண்டியைக் கூடுதலாகக் கொடுத்தனர். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றாலான அதை உண்ட குழந்தைகள் மற்றவரைவிட நன்கு வளர்ந்தனர். 1973-இல் வெளிவந்த இம்முடிவு, தானியமும் பருப்பும் சேர்ந்த நம் வழக்கமான உணவையே வயிறார உண்டால் குழந்தைகளின் குறையில் பெரும்பகுதி தீரும் என்பதை உணர்த்திற்று. மறு ஆண்டில் இலண்டன் மருத்துவ இதழ் ஒன்று, புரதத்தைப் பற்றிய அந்த ஆரவாரத்தைப் பெருந்தோல்வி என்றே வருணித்த கட்டுரையை வெளியிட்டது.

பசித்தவனுக்கு முதல் மருந்து அளவுதான். அதனால்தான் 1979-இல் நம் நாட்டில் வறுமைக் கோட்டை வகுத்தபோது, கிராமத்தில் 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று எண்ணையே அடிப்படையாகக் கொண்டனர். ஆனால் நாடு சற்றே வயிறு நிறைந்த பின், அந்த ஓர் எண் போதாமற் போயிற்று. 2009-இல் டெண்டுல்கர் குழு கலோரியோடு மட்டும் பிணைந்த அந்த அளவுகோலைக் கைவிட்டது.

இன்று நம்மிற் பலருக்கு இருக்கும் இடர்ப்பாடு பஞ்சமன்று, மிகுதி. இந்தியாவில் சர்க்கரை நோயாளர் தொகை 10 கோடியைத் தாண்டியதாக 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. இந்த மிகுதியிலும் அளவும் தரமும் ஒன்றையொன்று தழுவியே நிற்கின்றன. 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற அறிஞர் இருபது பேரைத் தங்கவைத்துச் சோதித்தார். இரண்டு வாரம் ஆலைகளில் பலவாறு பதப்படுத்திய உணவு. இரண்டு வாரம் இயற்கைக்கு நெருங்கிய உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ப்பொருள் யாவும் இருவகையிலும் சமமாக இருந்தன. விரும்பிய அளவு உண்ணலாம் என்றனர். ஆலை உணவு உண்ட நாட்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதலாக உண்டனர். எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ கூடிற்று. உணவின் தரமே எவ்வளவு உண்கிறோம் என்பதை மறைவிலிருந்து ஆட்டி வைக்கிறது என்பது இதனால் விளங்குகிறது. எண்ணத் தெரியாத பாட்டியின் கட்சிக்கு இது பெரிய வெற்றி.

ஆனால் எண்ணுவோர் கட்சிக்கும் 2025-இல் ஒரு வெற்றி கிடைத்தது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறிஞர்கள் முன்னின்று, நாடு முழுவதிலும் ஒரு லட்சத்து இருபதாயிரத்திற்கு மேற்பட்டவரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு அது. இந்தியர் பெறும் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை அல்லது சிறுதானிய மாவை வைத்துக்கொண்டால் மட்டும் நோயின் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. அந்த மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை விலக்கி, அவ்விடத்தில் பருப்பையோ பால் பொருளையோ வைத்தபோது குறைந்தது. சோற்றை நிறுத்தி நான்கு சப்பாத்தி உண்பவரும், மூன்று தட்டு கம்பங்களி உண்பவரும் இதை மனத்திற் கொள்ளவேண்டும்.

இந்த இரண்டையும் நம் சமையலறையில் எப்படி இணைப்பது? ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 25 கிராம் சர்க்கரையில் 100 கலோரி உண்டு. வேறு ஒன்றும் இல்லை. 27 கிராம் பொட்டுக்கடலையிலும் ஏறக்குறைய 100 கலோரிதான். கூடவே 6 கிராம் புரதமும் இரும்பும் நார்ப்பொருளும் வருகின்றன. எண் ஒன்றே, வரவு வேறு. ஆனால் பொட்டுக்கடலை நல்லதென்று அரைப்படியை அள்ளி உண்டால், அங்கே எண் நம்மைத் தண்டிக்கும். ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி தரும் எண்ணெய்க்கும் நெய்க்கும் இது இன்னும் பொருந்தும். எனவே தட்டில் எவ்வளவு என்பதைக் கலோரி சொல்லட்டும்; தட்டில் எது என்பதை அட்டவணையின் மற்றக் கட்டங்கள் சொல்லட்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு நல்வாய்ப்பும் உண்டு. அண்டை வீட்டார் உண்பது அந்நிய உணவு என்று நாம் எண்ணுகிறோம். இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பாஜ்ரா என்பது நம் கம்பே. மராட்டியத்து ஜ்வாரி நம் சோளமே. அங்கே நாச்னி என்றும் உத்தராகண்ட மலைகளில் மண்டுவா என்றும் வழங்குவது நம் கேழ்வரகே. நம் தாத்தா உண்டு நாம் மறந்த தானியங்களை இன்னொரு மொழியில் அவர்கள் காத்து வைத்திருக்கின்றனர். பஞ்சாபியரின் கடுகுக்கீரையும் வங்காளியரின் கீரை வகைகளும் அவ்வாறே நம் தட்டில் இடம்பெறத் தக்கவை. பானையில் சோறு சற்றுக் குறையட்டும். சாம்பாரில் பருப்புச் சற்றுக் கெட்டியாகட்டும். பொரியலும் கீரையும் ஓரத்தை விட்டுத் தட்டின் நடுவிற்கு வரட்டும். களைவதற்குச் சிறிது நீரும், வேகுவதற்கு அளவான நீரும் போதும்.

தாது வருஷத்தில் கார்னிஷ் தானியத்தின் எடையையும் கேட்டார், பருப்பையும் கேட்டார். அவர் கேட்டதை முழுமையாகக் கொடுக்க அன்றைய சர்க்காருக்கு மனம் வரவில்லை. இன்று அவற்றைத் தீர்மானிக்கும் இடம் நம் வீட்டு அடுப்படி. இன்றிரவு உணவுக்கு அமரும்போது, மருத்துவர் எழுதித் தந்த எண்ணையும் பாட்டி சொன்ன சொல்லையும் ஒருசேர நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் உங்கள் நலத்தையே கருதுகின்றனர்.